மருந்தடிக்கிறவருக்கு லேகியம் மட்டும் போதுமா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி கரிசல் காட்டுப் பக்கம் குழந்தை தங்கவில்லை என்றால் முதலில் மருமகளைத்தான் டாக்டரிடம் கூட்டிப் போகிறார்கள். ஸ்கேன், ரத்த டெஸ்ட், கோயில் நேர்த்திக்கடன் எல்லாம் அவளுக்கே! மகன் வருஷக்கணக்காகப் பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கிறவர் என்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. (விஷத்துக்கு 'மருந்து' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

1977-ல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில், 'நம்மில் பலருக்கு ஏன் குழந்தையே இல்லை?' என்று தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிச் சந்தேகப்பட்டார்கள். பரிசோதித்தால், பலருக்கு விந்தணு குறைவு. சிலருக்கு அறவே இல்லை. நம் பக்கத்து காசர்கோட்டில், எண்டோசல்ஃபான் தெளித்த முந்திரித் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பையன்களுக்குப் பருவ வளர்ச்சி தாமதமானதை 2003-ல் வெளியான ஆய்வு சொன்னது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தடை செய்தது. ஆனால் நாம் தெளிக்கிற விதம் மாறியதா? வெறும் மேலோடு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒழுகுகிற ஸ்பிரேயரை முதுகில் மாட்டுகிறோம். ஒழுகுவது இடுப்புக்கு இறங்கும். விதைப்பைத் தோலோ, உடம்பிலேயே அதிகமாக உறிஞ்சுகிற தோல்.

இதற்கு "நாக பற்பம் கொடுங்கய்யா" என்று வருகிறார்கள். சித்த மருத்துவத்தில் நாகம் என்பது துத்தநாகம்தான். விந்தணு உருவாக அது தேவை, உண்மை. அதற்காகக் கடையில் வாங்கித் தானாகவே சாப்பிடுகிற சரக்கல்ல பற்பம். எள்ளுருண்டை, பூசணி விதை, முட்டை, ஆட்டுக்கறி போதுமே. கம்பிலும் துத்தநாகம் உண்டு. ஆனால் அதிலுள்ள ஃபைடேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாது. மாவைக் கரைத்துப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சினால் அந்தத் தடை குறையும். நம் பாட்டிமார் செய்தது அதுதான்!

அதே சமயம், சத்து கவசமாகிவிடாது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,370 தம்பதியரில் கணவர்களில் ஒரு பாதிக்கு 6 மாதம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு வெற்று மாத்திரை. குழந்தைப் பேற்றில் வித்தியாசமே இல்லை. விஷத்தில் நனைந்துகொண்டே லேகியம் சாப்பிடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுக்கிற கதைதான்.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். ஆகவே குழந்தைக்கு முயல்கிறவர் குறைந்தது மூன்று மாதமாவது மருந்தடிக்கப் போகவே கூடாது. கூலி போகுமே என்பீர்கள். அந்த நாட்களில் களையெடுப்பு, அறுவடை என்று வேறு வேலை கொடுப்பது காட்டுக்காரரின் பொறுப்பு.

விந்து பரிசோதனைக்கு ஊசி, வலி எதுவும் கிடையாது. 2 முதல் 7 நாள் தாம்பத்யம் தவிர்த்துவிட்டுப் போனால் சரி. மருமகளுக்கு ஸ்கேன் எடுக்கிற அதே வாரத்தில் மகனும் போய் வரட்டும்.