யார் வீட்டு வாசல் குடியிருப்பு, யார் வீட்டு வாசல் மெயின் ரோடு?

2023 ஜூனில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை ஒரு அறிவிப்பு வெளியிட்டது, நினைவிருக்கிறதா தோழர்களே? நகரச் சாலைகளில் பகலில் 40 கி.மீ., இரவில் 50 கி.மீ. அதற்கு மேல் போனால் கேமரா எண் பலகையைப் படித்து சலான் அனுப்பும். அவ்வளவுதான், நகரமே கொதித்தது. 40-ல் போனால் சைக்கிள்காரன் முந்திக்கொண்டு போவான் என்று கேலி. கல்லா கட்டப் பார்க்கிறார்கள் என்று கோபம். சில நாட்களிலேயே காவல்துறை இறங்கி வந்து, இப்போதைக்கு அபராதம் இல்லை என்றது, குழு அமைத்தது. நவம்பர் 4 முதல் புதிய வரம்புகள் வந்தன: கார்களுக்கு 60, பேருந்து லாரிகளுக்கு 50, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோவுக்கு 40. பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30.

கார் 60-ஆ 70-ஆ என்று எல்லோரும் சண்டை போட்டார்கள். அந்தக் கடைசி வரிக்காக யாரும் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதை நான் பார்க்கவில்லை, நம் இயக்கங்கள் உட்பட. ஆனால் அந்தப் பட்டியலில் நடந்து போகிறவர்களுக்காக எழுதப்பட்டது அந்த ஒரு வரிதான்.

மக்கள் வேகக் கட்டுப்பாட்டை வெறுக்கிறார்கள் என்று சொல்வதே பாதிப் பொய். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஏதாவது ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே போய்ப் பாருங்கள். வேகம் 10 என்றோ 20 என்றோ பலகை இருக்கும். பத்தடிக்கு ஒரு வேகத்தடை, வளைவில் ஒரு குவிகண்ணாடி, கேமரா, விசில் ஊதக் காக்கி போட்ட ஆள். எவரும் அதை எதிர்த்துப் பதிவு போடுவதில்லை. உள்ளே 15-ல் ஊர்ந்த அதே கார் வாயிலைத் தாண்டியதும் 60-ல் சீறுகிறது. உள்ளே விளையாடுவது தன் பிள்ளை. வெளியே நடப்பது வேறு யாரோ. வேகம் பற்றிய பொதுப்புத்தி என்பது நடப்பவர் யார் என்பதைப் பற்றிய பொதுப்புத்திதான்.

நமக்கு இது புதிய சங்கதி இல்லை. தெருவில் யார் நடக்கலாம் என்பதில் தொடங்கியதுதான் நம் அரசியல். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924 ஆகஸ்டில் சென்னை மாகாணச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை. பொதுக் கிணறும் குளமும் அலுவலகங்களும் அப்படியே. தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. ஆனால் தடுப்பவனுக்குத் தண்டனை இல்லாத ஆணையை ஊர் மதிக்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் இரா. வீரையன் அதே சபையில் அபராதத்துக்காகத் தனியாகப் போராட வேண்டியிருந்தது. அபராதம் இல்லாத உரிமை காகிதத்தில் தூங்கும் என்பது அவர்களுக்கு அப்போதே தெரியும். வேகக் கேமரா என்றதும் "இது நடுத்தர வர்க்கத்துப் பிரச்சினை" என்று ஒதுங்கும் இளம் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

30-க்கும் 60-க்கும் என்ன வித்தியாசம்? 30-ல் வரும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டர் கடக்கும், 60-ல் வருவது 17 மீட்டர். குறுக்கே ஒரு குழந்தை ஓடுவதைப் பார்த்து, ஓட்டுபவர் பிரேக்கில் காலை வைக்கவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். வேகம் இரட்டித்தால் மோதும் விசையின் ஆற்றல் நான்கு மடங்காகும். இவ்வளவையும் கொடுத்து மிச்சம் பிடிப்பது என்ன? அரை கிலோமீட்டர் தெருவை 30-ல் கடக்க ஒரு நிமிடம், 60-ல் கடக்க அரை நிமிடம். அரை நிமிடம்! முடிச்சூர் சாலையில் ஒரு சிக்னலில் நின்றால் அது போய்விடும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் 32,825 பேர் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம்தான் நாட்டிலேயே முதலிடம். அந்த அறிக்கையில் வயது உண்டு, பாலினம் உண்டு, வாகன வகை உண்டு. சாதி கிடையாது. ஆகவே எத்தனை பேர் நம்மவர்கள் என்று எண்ணால் சொல்ல முடியாது. ஆனால் யார் வேலைக்கு நடந்து போகிறார்கள், யார் சாலையின் ஓரத்திலேயே வேலை செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையின் நடுத்தடுப்பை ஒட்டி மணலைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் எந்தச் சமூகம் என்று கேட்க வேண்டியதில்லை. 2023 ஜூன் அறிவிப்பு இரவில் பத்து கி.மீ. கூட்டிக் கொடுத்தது. சாலை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டவர்களின் கண்ணில் துடைப்பம் பிடித்தவர் படவே இல்லை.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருவோம். குடியிருப்புப் பகுதி என்றால் எது? கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்களை அரசு கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுவந்து கொட்டியது. அவர்களில் பெரும்பகுதி தலித்துகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அடுக்கி வைத்த தீப்பெட்டிகள் மாதிரி வீடுகள். இதைவிடக் குடியிருப்பு என்று எதைச் சொல்ல முடியும்? ஆனால் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் கால் வைக்க வேண்டியது ஓ.எம்.ஆரில், சோழிங்கநல்லூர்-மேடவாக்கம் சாலையில். அவை காவல்துறையின் கணக்கில் மெயின் ரோடு. அங்கே 30 இல்லை. நிலத்தின் விலை ஏற ஏற ஏழைகள் சாலை ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். உள்தெருவின் அமைதி காசு உள்ளவர்களுக்குப் போய்விடுகிறது. குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் வீடுகள்தானே இருக்கின்றன? கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரத்துக்கு நடந்து பாருங்கள், ஒரே ஊரைச் சாலையும் தண்டவாளமும் எப்படிக் கூறுபோட்டிருக்கின்றன என்று புரியும்.

இன்னொரு சிக்கல். நவம்பர் 2023 அறிவிப்பு சென்னைப் பெருநகரக் காவல்துறை வெளியிட்டது. தாம்பரம் 2022 ஜனவரி 1 முதல் தனி ஆணையரகம். பெரும்பாக்கம் அதன் கீழ் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி, ஒரு பகுதிக்கு வேக வரம்பு வைக்க வேண்டுமென்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டும், சாலையில் பலகையும் நட வேண்டும். நம் தெருவில் அந்த வட்டப் பலகை இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடலாம்.

சரி, கேமரா வேண்டுமா வேண்டாமா? என் பதில்: வேண்டும், ஆனால் சும்மா இல்லை.

வேண்டும் என்பதற்கு முதல் காரணம் போலீஸ். வாகனச் சோதனையில் நிறுத்தப்பட்ட நம் பையன்களைக் கேளுங்கள். எந்த ஏரியா, அப்பா என்ன வேலை, வண்டி யாருடையது. கண்ணகி நகர் என்று சொன்னதும் குரல் மாறும். கேமராவுக்கு முகவரி கேட்கத் தெரியாது. எண் பலகையும் வேகமும் மட்டும்தான் தெரியும். சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் 2025 பிப்ரவரியில், புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவர் ஒருவர் கையில் வெட்டப்பட்டதாக வழக்குப் பதிவானது. நம் இளைஞனுக்கு வண்டி என்பது வெறும் வண்டி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த வண்டியில் அவன் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதும் என் அரசியல்தான். 2022-ல் இறந்தவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்.

சும்மா இல்லை என்பதற்குக் காரணம் சிகாகோ. அந்த நகரத்தின் கேமரா சலான்களை புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் ஆராய்ந்து 2022 ஜனவரியில் வெளியிட்டது. கறுப்பின, லத்தீன் மக்கள் அதிகம் வாழும் பகுதிக் குடும்பங்களுக்கு, வெள்ளையர் பகுதிகளைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சலான்கள். கேமராவுக்கு நிறம் தெரியாதுதான். ஆனால் கறுப்பர் பகுதிகளில் சாலையை அகலமாக, நடைபாதை இல்லாமல், வேகம் பிடிக்கும்படி போட்டு வைத்திருந்தார்கள். சாலையை வேகத்துக்காகக் கட்டிவிட்டு, வேகமாகப் போனாய் என்று அபராதம். பெரும்பாக்கத்து ஏழைக்கும் நாளை இதுதான் நடக்கும், கேமரா மட்டும் வந்து நடைபாதை வராவிட்டால்.

அபராதமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் வேகமாகப் போனால் காருக்கும் பைக்குக்கும் முதல் முறை 1,000 ரூபாய். சோறு டெலிவரி செய்யும் பையனுக்கு அது ஒரு முழு நாளின் உழைப்பு, சில நாள் அதற்கும் மேல். பெரிய காரின் உரிமையாளருக்கு ஒரு காபிக்கடை பில். பின்லாந்தில் வருமானத்துக்கேற்ற அபராதம். 2023-ல் அங்கே 50 கி.மீ. பகுதியில் 82-ல் போன ஒரு கோடீஸ்வரர் கட்டியது 1,21,000 யூரோ, நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரிப்பவர் என்ன ஓட்டுகிறார் என்று பாருங்கள்.

சாலையைத் தப்பாகக் கட்டியவருக்கு அபராதம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 198-ஏ பிரிவு, வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தவறியதால் மரணம் நேர்ந்தால், பொறுப்பான அதிகாரியோ ஒப்பந்ததாரரோ ஒரு லட்சம் வரை கட்ட வேண்டும் என்கிறது. அதன்படி யாராவது கட்டியதாக உங்கள் பகுதியில் கேள்விப்பட்டதுண்டா? பைக்காரனின் சலான் மட்டும் தவறாமல் வருகிறது.

நம் மக்கள் கேமரா கேட்பதில்லை, வேகத்தடை கேட்கிறார்கள். ஒரு பிள்ளை அடிபட்டதும் பெண்கள் சாலையில் உட்காருகிறார்கள், மறியல் நடக்கிறது, தாசில்தார் வருகிறார், ஒரு வாரத்தில் ஒரு மேடு முளைக்கிறது. பெயின்ட் இல்லாமல், பலகை இல்லாமல், இரவில் பைக்கில் வருபவனைத் தூக்கி எறியும் மேடு. கார்காரர்கள் சமூக வலைத்தளத்தில் முணுமுணுத்தே ஒரு விதியைச் சில நாட்களில் மாற்றினார்கள். நமக்கு ஒரு மேட்டுக்கு ஒரு பிணம் தேவைப்படுகிறது. இதை எழுதும்போதே கை கூசுகிறது.

வேல்ஸ் நாட்டில் 2023 செப்டம்பரில் குடியிருப்புச் சாலைகளின் வேகத்தை மணிக்கு 20 மைலாக, நம் கணக்கில் 32 கி.மீ., குறைத்தபோது எதிர்ப்பு மனுவில் 4,60,000-க்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அந்தச் சாலைகளில் அடிபடுபவர்களின் எண்ணிக்கை அடுத்த ஆண்டிலேயே குறைந்தது. மனு போட்டவர்களைக் கணக்கெடுப்பது எளிது. அடிபடாமல் வீடு சேர்ந்தவர்கள் எந்த மனுவிலும் கையெழுத்திடுவதில்லை.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தாம்பரம் காவல் ஆணையரகத்துக்கு ஒரு மனு, தாம்பரம் மாநகராட்சிக்கு ஒன்று, நெடுஞ்சாலைத் துறைக்கு ஒன்று. எந்தெந்தத் தெருக்கள் 30 கி.மீ. பகுதி என்று அறிவிக்கப்பட்டுள்ளன, அரசிதழ் நகல் கொடுங்கள். வாரியக் குடியிருப்புகளை ஒட்டிய சாலைகள் அதில் உண்டா? வேகக் கேமராக்கள் எங்கெங்கே இருக்கின்றன, எந்தக் கணக்கில் இடம் தேர்ந்தெடுத்தீர்கள்? மத்திய மோட்டார் வாகன விதி 167-ஏ கேமராவுக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்கிறது, 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்பச் சொல்கிறது, இரண்டும் நடக்கின்றனவா? வசூலான அபராதத்தில் எத்தனை ரூபாய் நடைபாதைக்குப் போனது? பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் மேல்முறையீடு.

அதற்கிடையில் பெரும்பாக்கத்தில் பள்ளி விடும் நேரத்தில் ஒரு வாரம் நின்று, எத்தனை பிள்ளைகள் எந்த இடத்தில் சாலையைக் கடக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் அந்த நோட்டோடு ஆணையரைப் பார்க்கப் போவோம்.