லெ மோர்ன் மலையும் நஷ்ட ஈடும்

மோரீஸ் தீவின் தென்மேற்கு முனையில், கடலோரத்தில் தனித்து நிற்கிறது லெ மோர்ன் மலை. உயரம் 556 மீட்டர். பக்கங்கள் சுவர்போலச் செங்குத்து. உச்சியோ களத்துமேடு போலத் தட்டை. 30 ஏக்கர் இருக்கும். எஜமானர்களிடமிருந்து தப்பியோடிய அடிமைகள் அந்த உச்சியிலும் குகைகளிலும் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

ஓடியவன் பிடிபட்டால் என்ன தண்டனை? 1723ல் பிரெஞ்சு சர்க்கார் இத்தீவுகளுக்குப் போட்ட சட்டத்தைக் கேளுங்கள்: ஒரு மாதம் காணாமற்போனால் காதை அறுத்துச் சூடு போடு, இரண்டாந்தடவை கால் நரம்பை வெட்டு, மூன்றாந்தடவை கொன்றுவிடு! மடகாஸ்கர், மொசாம்பிக் ஜனங்களோடு, புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றப்பட்ட நம்மவர்களும் அந்த அடிமைகளில் இருந்தார்கள். நம் பள்ளிக்கூடங்களில் இதை யார் சொல்லித் தருகிறார்கள்?

பின்னர் வந்த பிரிட்டிஷ் ஆட்சியில், 1835 பிப்ரவரி 1ந் தேதி அடிமைமுறை ஒழிந்தது. அந்தச் செய்தியைச் சொல்லப் போலீசார் மலையேறினார்களாம். பிடிக்க வருகிறார்களென்று எண்ணி, மேலேயிருந்தவர்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டார்களாம். ஜனங்கள் வாய்வழியாகக் காத்துவரும் கதை இது. இதைக் கேட்டு, "அந்தோ, அறியாமை!" என்று உச்சுக்கொட்டும் கனவான்கள் உண்டு. நாம் அதை ஒப்பமாட்டோம். அதற்குமுன் சீருடைக்காரன் எதற்காக அந்த மலையேறினான்? சங்கிலி மாட்டத்தானே!

வந்த விடுதலைதான் என்ன லட்சணம்? 'அப்ரண்டிஸ்' என்று பெயரை மாற்றி, பழைய எஜமானனிடமே 1839 வரை வேலை வாங்கினார்கள். நஷ்ட ஈடும் கொடுத்தார்கள். யாருக்கு? எஜமானனுக்கு! சாம்ராஜ்யம் முழுவதற்கும் 2 கோடி பவுன்; அதில் மோரீஸ் எஜமானர்கள் வாங்கியது 20 லட்சத்துக்கு மேல். சவுக்கடி பட்டவனுக்கு ஒரு காசு இல்லை. இதற்காக பிரிட்டிஷ் சர்க்கார் வாங்கிய கடன் ஜனங்களின் வரிப்பணத்தில் அடைந்து முடிந்தது எப்போது தெரியுமா? 2015ல்!

கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? 1834லேயே இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். சென்னையிலிருந்தும் ஆயிரமாயிரம் பேர் போனார்கள். மாதம் 5 ரூபாய் கூலி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி வெட்டு. ஆலைத் தோழர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

2008ல் லெ மோர்னை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. அடிவாரத்தில் ஆடம்பர ஓட்டல்கள், கோல்ப் மைதானம். பிப்ரவரி முதல் தேதி அங்கே விடுமுறை. மலைக்கு மாலை சூட்டுவதில் நமக்கு ஆட்சேபமில்லை. எஜமானனுக்கு நஷ்ட ஈடு போய்ச் சேர்ந்துவிட்டது. அடிமையின் சந்ததிக்கு நிலம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.