சுருதி மாற்றமும் ஓர் ஒப்பாரியும்

மேற்கத்திய ஜனரஞ்சக சங்கீதத்தில் சுருதி மாற்றம் செத்துவிட்டது என்று சில வருஷங்களாக ஓர் ஒப்பாரி கேட்கிறது. பாட்டின் நடுவே ஆதார சுருதியையே பெயர்த்து வேறிடத்தில் வைக்கும் உத்தி இது. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 1958 முதல் 1990 வரை முதலிடம் பெற்ற பாட்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இது இருந்ததாம். 2010க்குப் பிந்தைய பத்து வருஷத்தில் ஒன்றே ஒன்று, டிராவிஸ் ஸ்காட்டின் 'சிக்கோ மோட்' (2018). கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். கணக்கு சரியாகவே இருக்கலாம். அந்த நான்கில் ஒன்று என்ன சரக்கு என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் மலிவுச் சரக்கு. பல்லவியை மூன்று தடவை பாடியாயிற்று, சொல்ல வேறொன்றுமில்லை. உடனே அரைக்கட்டையோ ஒரு கட்டையோ தூக்கி அதையே நாலாம் தடவை பாடுவது. மேடைப் பேச்சாளர் கைதட்டலுக்காகக் கடைசியில் குரலை உயர்த்துவாரே, அதுதான். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ'வை 1974இல் டாலி பார்ட்டன் ஒரே சுருதியில், விடைபெறுகிறவளின் அடங்கிய குரலில் பாடினார். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடும்போது ஒரு மௌனம், ஒரு டிரம் அடி, ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்குத் தாவல். அசாத்தியக் குரல், மறுக்கவில்லை. விடைபெறுவது யார் என்பதுதான் மறந்துபோகிறது.

பீட்டில்ஸின் 'பென்னி லேன்' (1967) கடைசியில் செய்வதும் அச்சாக இதே ஏற்றம்தான், ஏயிலிருந்து பிக்கு. ஆனால் அங்கே தெருவை விவரிக்கும் சரணங்கள் பி மேஜரில் தொடங்குபவை. நினைவில் தோயும் பல்லவி ஒரு கட்டை இறங்கி ஒலிப்பது. கடைசிப் பல்லவி சரணத்தின் சுருதிக்கு ஏறும்போது நினைவும் தெருவும் ஒன்றாகின்றன. கணக்கில் இதுவும் ஒன்று, அதுவும் ஒன்று.

ராப் சங்கீதம் தன் நாடகத்தைத் தாளத்திலும் பேச்சோட்டத்திலும் நடத்துவது. அதனிடம் சுருதி மாற்றம் எங்கே என்பது, புதுக்கவிதையிடம் எதுகை மோனை எங்கே என்று கேட்ட பண்டிதக் குரலேதான். எதுகையைத் துறந்ததாலேயே கவிதையாகிவிடுமா என்று நம்மவர்களையும் நாம் கேட்டிருக்கிறோம். இன்று கம்ப்யூட்டரில் நாலு ஆவர்த்தனத் துணுக்கு ஒன்றைச் செய்து, பிரதியெடுத்து அடுக்கி, மேலே குரலைப் படரவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் சுருதி மாறும், முன்னைவிடச் சுலபம். பாட்டு எங்கும் போகாதபோது எதற்கு அழுத்த? அழுவதானால் நான் இதற்கு அழுவேன். நம் வித்வான்கள் ஒரே தம்புராவுக்கு மூன்று மணி நேரம் பாடவில்லையா என்கிறார் ஒரு நண்பர். பாடுகிறார்கள்; ராகம் பயணம் போகிறது.

ஜானி காஷின் 'ஐ வாக் த லைன்' (1956) சரணத்துக்குச் சரணம் சுருதி மாறும். அடுத்த சுருதியைத் தேடி அவர் வாய்க்குள் முனகுவது இசைத்தட்டிலேயே கேட்கும். கடைசிச் சரணத்தில் முதல் சுருதிக்கே, ஒரு ஸ்தாயி கீழே, வந்து சேர்கிறார். ஒப்பாரிக்காரர்களின் கணக்கில் இந்தப் பாட்டு வராது. அவர்களுடைய பட்டியல் தொடங்கியதே 1958இல்.