ரிமாண்ட் நேரத்தில் ஒரு சட்ட மாணவர்

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, ஜெயராஜையும் அவருடைய மகன் பென்னிக்ஸையும் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே ரிமாண்ட். சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச்சிறையில் இருவரும் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி காலை தந்தையும் இறந்தார்கள். இரவெல்லாம் நடந்த சித்திரவதையை சி.பி.ஐ.யின் குற்றப்பத்திரிகை விவரித்தது. அதே நிலையத்துக் காவலர் ரேவதி துணிந்து சாட்சி சொன்னார்.

காவல் நிலையத்தைப் பற்றி நாடே பேசியது. நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவில் இருந்த அந்த ரிமாண்ட் நேரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பிடிபட்டவரின் உடம்பையும் குரலையும் மாஜிஸ்திரேட் ஒருவர் முதன்முதலாகப் பார்க்கவும் கேட்கவும் சட்டம் ஏற்படுத்திய நேரம் அது. அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் சொன்னார்களா, வக்கீல் இருக்கிறாரா என்ற கேள்விகளை அங்கேதான் கேட்டாக வேண்டும்.

கேட்பதற்கான சட்டம் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது. மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தும்போதே ஏழைக்கு இலவச வக்கீல் தர வேண்டும் என்று பாகல்பூர் கைதிகளின் கண்கள் குருடாக்கப்பட்ட வழக்கில் 1981இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த உரிமையைக் கைதிக்கு எடுத்துச் சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று 2012இல் கசாப் வழக்கில் அழுத்திச் சொன்னது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவைப்பட்டது என்று விசாரித்த பிறகே காவலில் வைக்க வேண்டும் என்றது 2014ஆம் ஆண்டின் அர்னேஷ் குமார் தீர்ப்பு.

ஆள்தான் இல்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த சட்ட உதவித் தற்காப்பு வக்கீல் திட்டம் நல்ல தொடக்கம். முழுநேரமாக ஏழைகளின் கிரிமினல் வழக்குகளை நடத்தவே மாவட்டந்தோறும் வக்கீல்களை அமர்த்தும் திட்டம் இது. ஆனாலும் ஒரு மாவட்டத்தின் எல்லா மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலும், ஞாயிற்றுக்கிழமை ரிமாண்ட் உட்பட, அவர்களே நிற்க முடியாது.

நெல்லை அரசு சட்டக் கல்லூரி சாத்தான்குளத்திலிருந்து பேருந்தில் போய்வரும் தூரம்தான். அங்கும் மற்ற கல்லூரிகளிலும் இறுதியாண்டு மாணவர்கள் மாதிரி நீதிமன்றத்தில் கற்பனைக் கட்சிக்காரருக்காக வாதாடுகிறார்கள். பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி உண்மையான வழக்குகளைப் பார்த்துக் குறிப்பும் எழுதுகிறார்கள். பலருக்கு அந்த ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு நீதிமன்றப் பழக்கம் முடிந்துபோகிறது. இது பெரிய வீணடிப்பு. அந்த மாணவர்களை ரிமாண்ட் நேரத்தில் கைதிக்குத் துணையாக நிறுத்தலாம்.

ஏழையின் சுதந்திரத்தைக் கற்றுக்குட்டி கையில் கொடுப்பதா என்று சீனியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் அதற்கு விடை கண்டிருக்கிறார்கள். கட்சிக்காரரின் சம்மதத்தோடும் சீனியரின் பொறுப்பிலும் மாணவர்கள் நீதிமன்றத்தில் நிற்க அமெரிக்க பார் அசோசியேஷன் 1969இல் ஒரு மாதிரி விதியைத் தந்தது. அங்கே பல மாநிலங்களில் அரசுத் தற்காப்பு வக்கீல் அலுவலகங்களில் மாணவர்கள் அப்படித்தான் பழகுகிறார்கள்.

மாணவரிடம் இருப்பது நேரம். பத்துக் கட்டுகளோடு ஓடும் வக்கீல் ஐந்து நிமிடத்தில் கேட்டு முடிப்பதை, அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர்கள் நாடெங்கும் மரண தண்டனைக் கைதிகளையும் குடும்பங்களையும் சந்தித்துக் கேட்டதிலிருந்து உருவானதே 2016இல் வெளியான மரண தண்டனை அறிக்கை. அவ்வளவு கனமான வேலையைச் செய்தவர்களால், காயங்களைக் குறித்து, வீட்டுக்குப் போன் போட்டு, ஜாமீன் மனுவின் முதல் வரைவை எழுதித் தர முடியாதா?

மாணவர் இருந்திருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் காயத்தைப் பற்றிக் கேட்கவும், கேட்டதை எழுதி வைக்கவும் அங்கே ஒருவர் இருந்திருப்பார்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வக்கீலாகப் பதிவு செய்யாதவரையும் குறிப்பிட்ட ஒரு வழக்கில் பேச நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது 1961 வழக்கறிஞர் சட்டத்தின் 32ஆவது பிரிவு. கல்லூரிகளில் சட்ட உதவி மையங்களை வளர்ப்பதை 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே பணியாக ஒப்படைத்திருக்கிறது. மாநில ஆணையமும் நெல்லைக் கல்லூரியும் பேசி, தூத்துக்குடி மாவட்டத்தின் ஒரே ஒரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் இதைத் தொடங்கட்டும். ஒரு தற்காப்பு வக்கீலுக்கு இரண்டு மாணவர்கள். ஆரம்பத்தில் அவர்கள் கைதியிடம் பேசிக் குறிப்பெடுக்கட்டும், சீனியர் வாதாடட்டும். பழகிய பிறகு, சீனியர் பக்கத்தில் நிற்க, மாணவரே எழுந்து பேசட்டும். முதல் நீதிமன்றம் சாத்தான்குளமாக இருக்கட்டும்.