விராலிமலை முத்துக்கண்ணம்மாளும் ஒரு வசைச்சொல்லும்

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரில் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. முன்னவர் தேவரடியார் (தேவதாசி) குலத்துத் தாய்க்குப் பிறந்தவர். பின்னவர் அந்தக் குலத்தில் வளர்ந்து, அதன் கட்டுகளை அறுத்துக்கொண்டு வெளியே வந்தவர். அந்தக் குலத்தின் பெயர்தான் ஒலி தேய்ந்து, தமிழ்நாட்டுத் தெருக்களில் வாய்க்கு வாய் புழங்கும் வசையாக இருக்கிறது. புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் கொஞ்ச நேரம் நின்றால் காதில் விழும். சண்டையில் விழும், சிரிப்பிலும் விழும். அதன் வசை வடிவத்தை இங்கே அச்சிடவில்லை. தெரியாதவர் யாரும் இல்லை.

வசைச்சொற்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வந்து நிற்கும்: “அவங்களே அப்படிச் சொல்லிக்கிறாங்க, நாங்க சொன்னா மட்டும் குத்தமா?” சாதிப் பெயர்களை வைத்தும் இதைக் கேட்கிறார்கள், திருநங்கைகளைக் குறிக்கும் பழைய சொற்களை வைத்தும் கேட்கிறார்கள். நியாயம் கேட்பதுபோல் தொனிக்கிற இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் புதுக்கோட்டை மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

விராலிமலையில் தொடங்கலாம். அங்குள்ள முருகன் கோயிலுக்கு ஏழு வயதில் பொட்டுக்கட்டி விடப்பட்டவர் முத்துக்கண்ணம்மாள். அந்தக் கோயிலில் பணிசெய்த 32 தேவதாசிகளில் கடைசியாக எஞ்சியவர். நாள்தோறும் மலைப்படி ஏறிப் பாடியவர், சதிர் ஆடியவர். வழக்கம் சட்டத்தால் முடிவுக்கு வந்து, மானியமும் மரியாதையும் போய், வறுமையில் காலம் தள்ளிய பிறகு, 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தன்னை முருகனுக்கு உரியவள் என்றும் தேவதாசி என்றும் பொதுவெளியில் தயங்காமல் சொல்லிக்கொண்டவர் அவர். ஊர் எதை வசையாக்கியதோ அதையே தன் தொழிலின், தன் கலையின் பெயராக அவர் நிமிர்ந்து சொன்னார். சொல்லை மீட்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது.

அதே மாவட்டத்தில், திருக்கோகர்ணத்தில், 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி. தாய் சந்திரம்மாள். மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1912இல் மருத்துவரானார். பிறகு சென்னை சட்டமன்றத்துக்குப் போய், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அங்கே அவரை எதிர்த்தவர்களில் முன்னே நின்ற எஸ். சத்தியமூர்த்தி திருமயத்துக்காரர். ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் முழுமையாக வந்தது. முத்துலட்சுமிக்கு அந்தப் பெயர் மீட்க வேண்டிய ஒன்றாகவே தெரியவில்லை. அது ஒழிய வேண்டும், அந்தச் சிறுமிகள் வேறு பெயரோடு வாழ வேண்டும் என்பதே அவர் நிலை.

அவருடைய பேச்சிலேயே தேவதாசி முறை விபசாரத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. அதைச் சென்னை தேவதாசிகளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. 1927இல் சங்கமாகக் கூடி அரசுக்கு விண்ணப்பம் எழுதினார்கள். நாங்கள் கலையும் பக்தியும் தொழிலாகக் கொண்டவர்கள், எங்களை விலைமகளிர் என்று சொல்லாதீர்கள் என்பது அந்த விண்ணப்பத்தின் சாரம். ஒரே குலத்துப் பெண்கள் இரண்டு பக்கமாக நின்றார்கள். அந்தச் சமூகத்து ஆண்களோ இசை வேளாளர் என்ற புதுப்பெயரை எடுத்துக்கொண்டார்கள். விட்டொழிப்பது, பேர் மாற்றிக்கொள்வது, விடாமல் பிடித்துக்கொள்வது என்று மூன்று வழிகளும் ஒரே காலத்தில் இருந்தன. மூன்றையும் எடுத்தவர்கள் அதற்கான விலையைத் தங்கள் வாழ்க்கையில் கொடுத்தவர்கள். சிறுமிகளின் உடல் பட்ட துன்பத்தை நினைக்கும்போது என் மனம் முத்துலட்சுமியின் பக்கம்தான் நிற்கிறது. ஆனால் முத்துக்கண்ணம்மாளைப் பார்த்து ‘அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் அம்மா’ என்று சொல்ல எனக்கோ வேறு யாருக்குமோ என்ன உரிமை இருக்கிறது?

இப்போது பேருந்து நிலையத்தில் அந்த வசையைச் சொல்லும் வாலிபனிடம் வருவோம். அவன் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் இல்லை. அவன் வைவது இன்னொரு ஆணை, அடிப்பது அந்த ஆணின் தாயை, கறைப்படுத்துவது அங்கே இல்லாத ஒரு சமூகத்தை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் நெல்லும் ஒதுக்கிப் பெயர் பெயராகப் பொறித்த மரபு அவனுக்குத் தெரியாது என்பதை ஒரு சமாதானமாக ஏற்க முடியாது. தெரியாமல் சொன்னாலும் இசை வேளாளர் வீட்டுப் பெண்ணின் காதில் அது ஒவ்வொரு முறையும் தன் பாட்டியின் பெயராகத்தான் விழுகிறது. அவள் காவல் நிலையத்துக்குப் போனால் என்ன நடக்கும்? நேற்றுவரை இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), இன்று பாரதிய நியாய சன்ஹிதா 296. பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியதற்கான பிரிவு. சுற்றியிருந்தவர்களுக்கு ஏற்பட்ட தொந்தரவைத்தான் அந்தப் பிரிவு கணக்கில் கொள்கிறது. யாருடைய பெயர் வசையாக்கப்பட்டது என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை.

சாதி வசையில் சட்டம் இன்னும் கூர்மையாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொதுப்பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைவதைத் தனிக் குற்றமாக எழுதி வைத்திருக்கிறது. அந்தக் குற்றத்தைச் செய்தவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். ஒரே சொல் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மாறும் என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டுவிட்டது. ‘அவங்க சொன்னா சரி, நாங்க சொன்னா தப்பா’ என்று கேட்பவருக்கு, ஆம் என்று 1989இலேயே பதில் எழுதப்பட்டுவிட்டது.

அந்தப் பதில் இந்த மாவட்டத்தில் நடைமுறைக்கும் வந்தது. 2022 டிசம்பர் இறுதியில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிய வந்ததும் அன்றைய ஆட்சியர் கவிதா ராமுவும் காவல் கண்காணிப்பாளர் வந்திதா பாண்டேயும் நேரில் போனார்கள். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை, இறையூர் அய்யனார் கோயிலில் நுழையத் தடை என்று அடுத்தடுத்து வெளிவந்தது. ஆட்சியர் அந்த மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அங்கே ஒரு பெண் சாமி வந்து ஆடி, உள்ளே வந்தவர்களை இழிவாகப் பேசியதாக வழக்குப் பதிவாகிக் கைது செய்யப்பட்டார். நம் ஊர்களில் சாமியாடியின் வாக்கு ஆள் வாக்காக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. சொன்னது சாமி, சொன்னவருக்குப் பொறுப்பில்லை என்பது வழக்கம். ஆனால் முதல் முறையாக அந்தப் படியேறியவர்களின் காதில் விழுந்தது தலைமுறை தலைமுறையாகக் கேட்ட அதே இழிவுதான். காவல்துறை சொன்னவரின் நிலையைப் பாராமல் கேட்டவரின் நிலையைப் பார்த்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இத்தகைய வழக்குகளில் வெளியே தெரியாத ஒரு கொடுமை உண்டு. என்ன சொல் சொல்லப்பட்டது என்று புகாரில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் வழக்கு வலுவிழக்கும். தன்மேல் எறியப்பட்ட சொல்லைப் பாதிக்கப்பட்டவரே காவல் நிலையத்தில் சொல்கிறார். பிறகு சாட்சிக் கூண்டில் சொல்கிறார், குறுக்கு விசாரணையில் மறுபடி சொல்கிறார். சொல்லை எடுத்துக் காட்டுவதும் எடுத்து எறிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வரலாற்று ஆசிரியருக்கும் செய்தியாளருக்கும் நீதிமன்றத்துக்கும் அந்தச் சொல் தேவைப்படுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே அதை மூடி மறைத்தால் நடந்த கொடுமையே மறைந்துபோகும்.

சாதிப் பெயரை மீட்பதா விடுவதா என்பதும் பட்டியல் சாதி மக்களுக்குள் நூறாண்டுக்கு மேல் பழைய விவாதம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்று பெயரிட்டே பத்திரிகை தொடங்கினார். தன்னை இன்னான் என்று வெளியே சொல்லத் துணியாதவனுக்கு உரிமை கிடைக்காது என்பது அவர் எண்ணம். அவருடைய தங்கையை மணந்த அயோத்திதாசர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. சாதிபேதமற்ற திராவிடர் என்றார், பூர்வ பௌத்தர் என்றார். 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. 2021இல் ஏழு உட்பிரிவுகளுக்குத் தேவேந்திரகுல வேளாளர் என்று பெயர் மாற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சாவு வீட்டில் பறை அடிக்க மாட்டோம் என்று ஊரூராக மறுத்தவர்கள் இருக்கிறார்கள். அதே பறையைக் கல்லூரி மேடையில் ஏற்றிப் பத்மஸ்ரீ வரை கொண்டுபோன மதுரை வேலு ஆசான் போன்றவர்களும் இருக்கிறார்கள். மறுத்தவர்களும் மீட்டவர்களும் ஒரே அவமானத்துக்கு எதிராகத்தான் நின்றார்கள். இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல வெளியாளுக்கு வேலை இல்லை. அவர்கள் மீட்டெடுத்த பெயரை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளவும் அவருக்கு வழி இல்லை.

“நண்பர்களுக்குள்ள சும்மா கூப்பிட்டுக்குவோம்” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். அந்த நண்பன், அதே டீக்கடை வாசலில், உங்கள் உறவினர் நாலு பேர் நிற்கும்போது, உங்கள் சாதியை அதே குரலில் சொல்லிக் கூப்பிட முடியுமா? கூப்பிட்டுவிட்டு அன்று ராத்திரி அவனால் பயமில்லாமல் வீடு போய்ச் சேர முடியுமா? முடியாதென்றால் அவன் சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கட்டக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. மணிக்கட்டுக் கயிறு பேசாமலே சொல்வதைத்தான் இந்தச் ‘சும்மா’ வாய்விட்டுச் சொல்கிறது.

எனினும் பிறப்பு ஒன்றே எல்லா உரிமையையும் தந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. வன்கொடுமைச் சட்டத்தின் அந்த வரம்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அருந்ததியர் ஒருவரை வேறொரு பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் நடுத்தெருவில் சாதிப் பெயர் சொல்லி வைதால் அந்தச் சட்டம் பாயாது. வேங்கைவயல் வழக்கிலேயே, 2025 ஜனவரியில் சிபிசிஐடி பாதிக்கப்பட்ட அதே பட்டியல் சாதிச் சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததும், வழக்கு வன்கொடுமைச் சிறப்பு நீதிமன்றத்திலிருந்து குற்றவியல் நடுவர் நீதிமன்றத்துக்கு மாறியது. ஊர் மக்கள் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை என்பது தனிக்கதை. அடுக்கின் கீழே இருப்பவர் தனக்கும் கீழே இருப்பவர்மீது எறியும் வசைக்கு இந்தச் சட்டத்தில் பெயரில்லை. அருந்ததியருக்கு 2009இல் தனி உள் ஒதுக்கீடு தேவைப்பட்டதை ஒப்புக்கொண்ட மாநிலம், அவர்கள் கேட்கும் வசை வேறு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெண்கள் விஷயத்திலும் இதேதான். 2011இல் கனடாவின் டொராண்டோவில் ஒரு காவலரின் பேச்சுக்கு எதிராகப் பெண்கள் தங்களைக் குறிக்கும் வசையையே பதாகையில் எழுதி ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு தில்லிக்கு அந்த ஊர்வலம் வந்தபோது ‘பேஷர்மி மோர்ச்சா’ என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. அந்த ஆங்கிலச் சொல் இங்கே எல்லாப் பெண்களுக்கும் சொந்தமான காயம் அல்ல என்று அமைப்பாளர்கள் உணர்ந்திருக்க வேண்டும். தமிழில் அத்தகைய ஊர்வலம் நடந்தால் எந்தச் சொல்லை எழுதுவார்கள்? எல்லாப் பெண்ணையும் சுடும் அந்த வசை, ஒரு சிறு சமூகத்துப் பெண்களின் பழைய பெயர். அதை மீட்கும் முதல் வார்த்தை அவர்களுடையதாக இருக்க வேண்டும். மற்ற பெண்கள் அவர்களைக் கேட்டுக்கொண்டுதான் நடக்க முடியும்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்று சாதி எதிர்ப்புப் பாட்டும் ராப்பும் எழுதும் இளைஞர்கள் தங்கள்மேல் எறியப்பட்ட பெயர்களை மேடையில் உரக்கச் சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. அந்த உரிமை அவர்களுடையது. ஆனால் அந்த வேகத்திலேயே, எதிராளியைச் சாட வேண்டிய வரியில், அந்தத் தாய் வசையையும் சேர்த்துப் பாடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். திரையில் ‘யதார்த்தம்’ என்று சொல்லி நாயகன் வாயில் அதை வைத்துக் கைதட்டல் வாங்கும் இயக்குநர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. இந்தத் தம்பிகளிடம் பேசத் தோன்றுகிறது. உங்கள் பெயரை நீங்கள் மீட்டெடுத்ததுபோல் அந்தப் பெயரை மீட்க விராலிமலையில் ஒரு மூதாட்டி பாடுபட்டார். உங்கள் பாட்டில் அந்த ஒரு வரியை மாற்றி எழுதுங்கள்.