புகைக்குக் கணக்கு இருக்கு, வெடிக்கு?

உலகத்தை அச்சுறுத்தும் ஆபத்துகள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும் காற்று மாசு முன்வரிசையில் இருக்கும். ஆண்டுக்கு சுமார் 70 லட்சம் சாவுகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மறுப்பதற்கில்லை. தீபாவளி முடிந்ததும் நம் போனில் டெல்லி வானம் வந்துவிடுகிறது, நாமும் ஒரு சோக ஸ்டோரி போட்டுவிட்டு நகர்கிறோம். அந்தப் புகையில் ஒரு பங்கு வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் பக்கம் கையால் கலந்து, குழலில் செலுத்தி, திரி வைத்து அனுப்பியது. அதைச் செய்தவர் அந்தப் பட்டியலில் எங்கே இருக்கிறார்? தேடிப் பாருங்க, இருக்க மாட்டார். புகையைச் சுவாசித்துச் செத்தால் பொது சுகாதாரம். அதே மருந்து வெடித்துச் செத்தால் மாவட்டச் செய்தி.

2015-இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு போனது. 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பு: பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளி இரவு 8 முதல் 10 வரை மட்டும், அதுவும் பசுமைப் பட்டாசு. நாக்பூரின் நீரி நிறுவனம் தந்த சூத்திரப்படி நுண்துகள் 30 சதவீதமாவது குறையணும். குழந்தைகளின் நுரையீரலுக்காகப் பேசியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த 30 சதவீதம் வெடித்த பிறகு வரும் புகையில் அளந்தது. செய்யும் அறைக்குள் என்ன குறைந்தது? பச்சை முத்திரை ஒட்டிய டப்பாவுக்குள்ளும் அலுமினியப் பொடி இருக்கு, கந்தகம் இருக்கு, வெடியுப்பு இருக்கு. உராய்ந்தால் பற்றும். ஈரம் பட்ட கலவையை விட்டுவைத்தால் தானாகவே சூடேறும். அன்றன்றைக்குக் கலந்த மருந்தை அன்றே தீர்க்கணும் என்பது பயராபீஸில் வேலைக்குச் சேர்ந்த எல்லாருக்கும் தெரிந்த பாலபாடம்.

தெரிந்தும் ஏன் வெடிக்கிறது? உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் உள்குத்தகைக்குப் போகும். குத்தகைக்காரர் போட்ட காசை சீசனுக்குள் எடுக்கணும். வேலை செய்பவருக்கோ பீஸ் ரேட், எத்தனை குழலோ அத்தனை காசு. அறைக்கு நான்கு பேர் என்ற விதி காகிதத்தில் இருக்க, உள்ளே ஆள் கூடுகிறது, மரத்தடிக்கும் வேலை வருகிறது. பிறகு 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதுகிறார்கள். அவசரத்தைக் கூலியாகக் கட்டிக் கொடுத்துவிட்டு நிதானத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்னு தெரியல.

முதலிப்பட்டி, 2012 செப்டம்பர் 5: ஏறக்குறைய 40 பேர், அதில் பலர் காப்பாற்ற ஓடியவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள். அச்சன்குளம், 2021 பிப்ரவரி 12: 20 பேருக்கு மேல். ராமுதேவன்பட்டி, 2024 பிப்ரவரி 17. நடுவில் விட்டுப்போன தேதிகளை எழுதினால் கட்டுரை அதிலேயே முடிந்துவிடும். அச்சன்குளம் வெடிவிபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆக, இது சூழல் பிரச்சினைதான் என்று சூழலுக்கான தீர்ப்பாயமே எடுத்துக்கொண்டது. நம் சூழலியல் கூட்டங்களில் எத்தனை பேர் எடுத்துக்கொண்டோம்?

"பட்டாசைத் தொட்டா லட்சக்கணக்கான குடும்பம் தெருவுக்கு வரும்" என்று ஆலை முதலாளிகள் சொல்வது பொய்யில்லை. மழை பார்த்த கரிசல் காடு, வேறு பிழைப்பு குறைவு. ஆனால் நீதிமன்றத்தில் முன்னால் நிறுத்தும் அந்தக் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் எனும்போது மட்டும் அவர்களுக்குக் காது கேட்பதில்லை. (இதே வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரையில் 2022 முதல் தோண்டி, பழங்காலச் சங்கு வளையல் துண்டுகளைக் குவியலாக எடுத்தார்கள். அந்தக் கைவினைஞர்களைப் பற்றி நமக்கு எவ்வளவு பெருமை!)

பசுமைப் பட்டாசு டப்பாவில் கியூஆர் கோடு இருக்கும். அதை ஸ்கேன் பண்ணினால் புகை பற்றிய சான்று கிடைக்கலாம். உரிமம் வைத்திருப்பவரும் ஆலையை நடத்துபவரும் ஒரே ஆளா, மருந்து கலந்தது மெஷினா கையா, கூலி நாளுக்கா குழலுக்கா என்பதும் அதில் வரணும். வராதவரை அதைப் பசுமை என்று அழைக்காதீர்கள். இதெல்லாம் செய்தால் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். ஐந்து பாக்கெட் வாங்கும் இடத்தில் மூன்று வாங்குங்க, டெல்லிக்கும் புகை குறையும்.