சிற்றூருக்குப் படி எங்கே?

தோழனே! குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் ஏறிப் பார். 9ஆம் நூற்றாண்டுச் சமணப் பள்ளி அது. குணந்தாங்கி குரத்தி என்னும் சமண ஆசிரியை, மலைமேல் அம்மைக்குப் பொன்னணி அளித்ததைக் கல் பேசுகிறது. பொன் கொடுக்கும் நிலையிலே இருந்தார் அன்றைய ஆசிரியை!

இன்று சிற்றூரிலே பாடஞ்சொல்லும் அரசுப்பள்ளி ஆசிரியர் நிலை என்ன? வீட்டு வாடகைப்படி சென்னையிலே பெரிது. ஊர் சிறுக்கச் சிறுக்க அதுவும் சிறுக்கிறது. நகரிலே வாடகை அதிகம் என்பர். சிற்றூரிலே குடியிருக்க வீடு கிடைக்காமல், பேருந்திலே கழியும் காலத்துக்கு ஈடு எது? பட்டணத்துக்குப் போவென்று பணமே பிடித்துத் தள்ளும்போது, ஆசிரியரைப் பழிப்பது அறமா?

ஆப்பிரிக்காவின் காம்பியா ஏழை நாடு. 2006இலே, தொலைதூரப் பள்ளி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 முதல் 40 விழுக்காடு கூடுதலாகத் தந்தது. ஆசிரியர்கள் தாமாகவே அங்கு மாறுதல் கேட்டனர்! காம்பியாவால் முடிந்தது நம்மால் முடியாதா? கேள், தோழனே, உரக்கக் கேள்!